எட்டுத் துண்டு

குளியலறைக்குள் வாளி உருண்ட சத்தத்தில், அடுப்படியில் தங்கத்தாயின் கையிலிருந்து கரண்டி நழுவியது.

“என்னங்க, உள்ள என்ன பண்ணுதீய?”

“ஒண்ணுமில்ல. வாளியத் தட்டிப் பாத்தேன்.”

ஓய்வுபெற்ற ஏட்டு இசக்கிதுரை சொன்னது பொய்யில்லை. ‘கொலாஞ்சியோகார்சினோமா’ என்று வாளியில் தாளம் போட்டு மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். மனைவியின் பித்தக்குழாயில் வந்திருக்கும் புற்றுநோயின் பெயர் அது. அவளிடம் குடல்புண் என்று சொல்லி வைத்திருக்கிறார். நாளை தென்காசி டாக்டரிடம் போகும்போது அவளும் பக்கத்தில் இருப்பாள். இன்னும் எத்தனை நாள் என்று அவளுக்குப் புரியாதபடி இங்கிலீஷிலேயே கேட்டுவிட வேண்டும்.

“என்னமோ கார்சினோன்னு கேட்டுச்சே?”

“அது... தென்னங்கன்னு. கேரளாவுல புது ரகம். புளியறை தாண்டிப் போயி வாங்கணும்.”

அவர் வெளியே வந்து தலை துவட்டி முடிப்பதற்குள் பக்கத்து வீட்டுப் பொன்செல்வி சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். “அண்ணாச்சி, எனக்கும் ரெண்டு கன்னு. பேரு என்ன சொன்னீய?”

சொல்லிப் பார்த்தார். ‘கார்’ முன்னால் வந்தது, ‘ஜியோ’வைக் காணவில்லை.

“பேரே வாய்க்குள்ள நுழையலயே. காய்க்குமா?”

“நல்லாக் காய்க்கும்.”

“எத்தன வருசம் ஆகும்?” என்றாள் தங்கத்தாய்.

“அஞ்சு.”

“அஞ்சா.” அவள் கரண்டியைக் கழுவினாள். “சரி, வாங்கியாங்க. கிணத்தடியில நட்டு வைக்கேன். நீங்க தண்ணி ஊத்துங்க.”

முப்பது வருடம் அடுத்தவன் பொய்யைப் பிடித்து எழுதியவர், தன் பொய்யைத் தூக்கிக்கொண்டு குற்றாலம் ரோட்டிலிருந்த இங்கிலீஷ் வாத்தியார் எபனேசர் வீட்டுக்கு ஓடினார். சாரல் முகத்தில் அடித்தது.

வார்த்தையைக் கேட்டதும் எபனேசர் பேனாவைத் தேடவில்லை. டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

“மொத்தமா விழுங்காதீங்க அண்ணாச்சி. கொல், ஆன், ஜி, ஓ, கார், சி, நோ, மா. எட்டுத் துண்டு. அழுத்தம் ஏழாவதுல. ‘கொல்’னா பித்தம், ‘ஆஞ்சியோ’ன்னா குழாய், ‘கார்சினோமா’ன்னா...”

“அது தெரியும் சார்.”

முதலில் எல்லாத் துண்டையும் அழுத்தினார். ரோந்துக்குப் போகும் பூட்ஸ் சத்தம்போல இருந்தது. பத்தாவது தடவை வார்த்தை முழுசாக வந்தது. ‘நோ’வில் கனம் சரியாக விழுந்தது. ஏட்டு தோள்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பிறகு துண்டை உதறித் தோளில் போட்டார். “போதும் சார். இனிமே அவளுக்குத் தெரியாம கேட்டுருவேன்.”

எபனேசர் தாளை மெதுவாக மடித்தார்.

“போன வாரமே தங்கத்தாயம்மா ரிப்போர்ட்டோட வந்து இதப் படிச்சிட்டுப் போய்ட்டாங்க அண்ணாச்சி. ‘டாக்டர்ட்ட இங்கிலீஷ்லதான் கேக்கணும், அவுகளுக்குப் புரிஞ்சிரக் கூடாது, தாங்கமாட்டாவ’ன்னு.”