திருத்தணியில் ‘ணி’ இல்லை

1944, ஆவணிக் கிருத்திகை. காலை எட்டு மணிக்கு அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர் கங்காதரன், ஈய எழுத்துக் கேஸில் ‘ணி’ இருக்கும் சிறு தடுப்புக்குள் விரலை விட்டான். விரல் பலகையில் இடித்தது.

‘ண’ இருந்தது. ‘ணு’ இருந்தது. ‘ணீ’கூட ஒன்று இருந்தது. ‘ணி’ மட்டும் ஒன்றும் இல்லை.

கையில் ஒரு கல்யாணப் பத்திரிகை. மணமகன் சுப்பிரமணி. முகூர்த்தம் ஒன்பது மணி. இடம் திருத்தணி.

"மிஷினு, ‘ணி’ எங்கப்பா?"

ஆடியில் வேலைக்குச் சேர்ந்த மிஷின்மேனை அச்சகத்தில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஞாயிறுதோறும் அம்மையார்குப்பத்துக்குச் சைக்கிள் மிதிப்பான். அங்கே வேட்டி மலிவாம். ஒரு வேட்டியும் வாங்கி வந்ததில்லை.

"எலி தூக்கினு போயிருக்கும்ணா" என்றான், வேட்டியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு.

"ஈயத்தையா?"

"யுத்த காலம். அதுக்கும் ஒண்ணும் கெடைக்கல போல."

வாசல் பெஞ்சில் பெண்ணின் அப்பா, அம்மையார்குப்பத்துத் தறிக்காரர் ஆதிகேசவன், மகள் பத்மாவோடு காத்திருந்தார். முதல் பத்திரிகையை உச்சிகால பூஜைக்குள் மலைமேல் முருகன் காலடியில் வைக்க வேண்டும். முதலாளி பரந்தாமன் மதராஸ் கிளம்பும்போதே சொல்லியிருந்தார்: "இந்த ஆர்டர் கெட்டுதுன்னா நீ வேற எடம் பாத்துக்கோ."

கங்காதரன் இருந்த ‘ணீ’யை வைத்துக் கோத்தான். புரூப் எடுத்தான். சுப்பிரமணீ.

மிஷின்மேன் எட்டிப் பார்த்தான். "பொண்ணு புருசனப் பேர் சொல்லிக் கூப்புடற மாதிரி கீதேண்ணா."

கங்காதரன் எழுத்தின் சுழியைப் பிளேடால் சீவினான். கொக்கியோடு போய்விட்டது. சுப்பிரமண.

"இப்ப பாதிதான் கூப்புடறா."

கங்காதரன் அந்த வரியை விட்டு அடுத்ததுக்குப் போனான். ஊரை ‘முருகன் மலை’ ஆக்கினான். ஒன்பது மணியை நாழிகைக் கணக்குக்கு மாற்றினான். ஏழரை வந்தது.

"கல்யாணத்துல ஏழரையாண்ணா?"

"வாய மூடு." ‘நல்ல நேரத்தில்’ என்று போட்டான்.

மாப்பிள்ளை மட்டும் பாக்கி.

"ஆச்சாப்பா?" வாசலிலிருந்து ஆதிகேசவன் குரல்.

"ஆங், ஆச்சுங்க!"

மிஷின்மேன் குனிந்தான். "சுப்பிரமணின்னா யாருண்ணா?"

"மாப்ள."

"சாமில யாரு?"

"முருகர்."

"வேலாயுதம்னா?"

"அதுவும் முருகர்தான்."

"அவ்ளோதான். சாமிக்குப் போறது ஒரே பத்திரிகை. தன் பேரு அவருக்குத் தெரியாதா? மொதலாளி வந்ததும் ‘ணி’ வாங்கினு மத்தத சரியா அடிச்சிக்கலாம்."

கங்காதரனுக்கு அது பக்தியாகவே பட்டது. மிஷின்மேன் ஒரே மிதியில் அடித்துக் கொடுத்தான்.

ஆதிகேசவனுக்குப் படிக்கத் தெரியாது. மூலைகளில் மஞ்சள் தடவி, "ஜோரா கீது" என்றார். பத்மா வாங்கி, எழுத்து எழுத்தாகப் படித்தாள்.

"நல்லா கீது நைனா" என்றாள்.

மதியம் ஆதிகேசவன் மலைப்படியில் ஓடிவந்த மூச்சோடு உள்ளே நுழைந்தார்.

"டேய் கங்காதரா! பத்மாவுக்கும் வேலாயுதத்துக்கும்னு குருக்கள் சத்தமா படிச்சி அர்ச்சனை பண்ணிட்டாருடா! சாமி தலைப்பூ வேற வலது பக்கமா வுழுந்துச்சி! பேரு தப்பு சாமின்னு சொன்னா, உத்தரவு ஆயிடுச்சி, இனிமே மாத்தக் கூடாதுன்றாரு!"

"ஐயா, அதுவும் முருகர் பேருதானுங்க..."

"முருகருக்கா பொண்ணு குடுக்கறேன்? அவருக்குத்தான் ஏற்கெனவே ரெண்டு கீதே! வேலாயுதம்னு ஒருத்தன நான் எங்கடா போய்த் தேடுவேன்?"

வேலை போயிற்று என்று நினைத்து, கங்காதரன் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்த இரும்பு ஸ்டிக்கைக் கீழே வைத்தான்.

பத்மா அப்பாவின் பின்னாலிருந்து நகர்ந்து மிஷின் பக்கம் போனாள்.

"வேலாயுதம், உன் மடியில கீற ‘ணி’ எல்லாத்தையும் எடுத்து அண்ணன் கேஸ்ல போட்டுடு."