எந்தப் பக்கத்திலிருந்து நாலாவது கட்டில்?

தட்டில் வைத்ததை வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது. அந்தக் குணம் ஒருமுறை என்னைக் கொல்லப் பார்த்தது. துணைக்கு ஒரு ஆஸ்பத்திரியே கைகொடுத்தது.

எழுபதுகளில் எலப்புள்ளியில் எனக்குப் பெண் நிச்சயமானது. பெண் வீட்டார் பார்க்கட்டுமே என்று, யாரும் கேட்காமலே ஒரு நெல் மூட்டையைத் தோளுக்குத் தூக்கினேன். மூட்டை ஏறியது, குடல் இறங்கியது. (பெண் ராசாத்தி அப்போதே சிரித்தாளாம்.)

கல்யாணத்துக்கு ஒரு மாதம் சொச்சம்தான் இருந்தது. பாலக்காட்டில் நான் சேர்ந்த ஆஸ்பத்திரிக்கு ஆபரேஷன் டாக்டர் புதன்கிழமை மட்டும்தான் வருவார். தள்ளிக்கொண்டே போனால் முகூர்த்தத்தன்று நான் மணமேடையில் அல்ல, வார்டில் இருப்பேன்.

வார்டில் எனக்கு நாலாம் கட்டில். கட்டில்களில் நம்பர் எழுதவில்லை, எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். நர்சுகள் முன்வாசலிலிருந்து எண்ணுவார்கள். சமையலறைக்காரர்கள் பின்கதவு வழியாக வருவதால் அங்கிருந்து எண்ணுவார்கள். எல்லோருக்கும் ஒரே சாப்பாடு என்பதால் இந்தக் கோளாறு வெளியே தெரியவில்லை. ஒருவருக்கொருவர் பேசியிருந்தால் தெரிந்திருக்கும். பேசினால்தானே.

செவ்வாய் இரவு சிஸ்டர், "காலையில ஒண்ணும் சாப்பிடாதீங்கோ, கேட்டோ" என்று எச்சரித்துவிட்டு, நாலாம் கட்டிலுக்குச் சாப்பாடு வேண்டாம் என்று சமையலறைக்கும் சொல்லி அனுப்பினார். புதன் காலையில் சமையல்காரர் மாரியப்பன் என் முன்னால் ஆறு இட்லியை வைத்தார்.

"ஏனுங்க, எனக்கு ஆபரேஷனுங்களே."

"பட்டினி போடச் சொன்னது நாலாம் நெம்பரைங்க. அதோ கெடக்கறாரு. நீங்க சாப்புடுங்க."

டாக்டர் மனம் மாறிவிட்டார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். (சட்னி வேறு அருமை.) மறுகோடியில் காலில் மாவுக்கட்டோடு கிடந்த வேலுச்சாமி அண்ணன், "எனக்கு மட்டும் ஏனப்பா இட்லி இல்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆபரேஷன் மேஜையில் மயக்க டாக்டர் கடைசியாக ஒரு வார்த்தை கேட்டார். "ஏதும் சாப்பிட்டதுண்டோ?"

"ஆச்சுங்க. ஆறு இட்லி."

அவர் ஊசியைக் கீழே வைத்தார். வயிறு நிறைய இட்லியோடு மயக்கம் கொடுத்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போய் ஆளையே முடித்துவிடுமாம். சிஸ்டரும் மாரியப்பனும் வரவழைக்கப்பட்டு, எந்தப் பக்கத்திலிருந்து நாலு என்று என் தலைக்கு மேலேயே சண்டை போட்டார்கள். ஒரு துண்டை மட்டும் போர்த்திக்கொண்டு நான் நடுவில் மல்லாந்து கிடந்தேன். இறக்கிவிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இனி ஆளின் பேரைக் கேட்காமல் எதையும் கொடுக்கக் கூடாது என்று பெரிய டாக்டர் உத்தரவு போட்டார். சிஸ்டர் கேட்டார், மாரியப்பன் கேட்டார், மருந்து கொடுப்பவர் கேட்டார், பெருக்க வந்தவரும் கேட்டார். ஒரு வாரம் முழுக்க என் பேரைச் சொல்லிச் சொல்லி எனக்கே அது அலுத்துவிட்டது.

அடுத்த புதன் காலையில் சிஸ்டரும் மாரியப்பனும் முதல்முறையாகச் சேர்ந்து வந்து பேரைக் கேட்டார்கள். மாரியப்பன் கையில் தட்டு இல்லை. பிழைத்துக்கொள்வேன் என்று அப்போதுதான் நம்பிக்கை வந்தது. பசியும் வந்தது.

குறித்த நாளில் கல்யாணம் நடந்தது. வேலுச்சாமி அண்ணன் ராசாத்திக்குச் சொந்தக்காரர் என்று அப்போதுதான் தெரிந்தது. இட்லி போன ஆத்திரத்தில் ஒன்று விடாமல் அவளிடம் சொல்லி வைத்திருக்கிறார். பந்தியில் நான் இலையில் கை வைக்கும்போது பக்கத்திலிருந்து மெல்ல அவள் குரல் வந்தது.

"மொதல்ல உங்க பேரைச் சொல்லுங்க."

புருஷன் பேரைச் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவள் ராசாத்தி. இன்றுவரை என் பேரை அவள் வாயால் சொன்னதில்லை. என்னைச் சொல்ல வைக்காமல் ஒரு இட்லி வைத்ததும் இல்லை.