ரெண்டு உருளை, ஒரு சக்கரம்

"குப்புராஜ், எங்க அத்தாவோட முதல் மிஷின் ஸ்டோர்ல பத்திரமா இருக்குல்ல?" என்று கேட்டார் எம்.டி. சர்ஃபராஸ்.

"இருக்கு சார்" என்று சொல்லிவிட்டார் ஸ்டோர் இன்சார்ஜ் குப்புராஜ்.

அப்படி ஒரு மிஷினை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆனால் காக்களூரில் இருந்த அந்தக் கம்பெனியில் 'இல்லை', 'முடியாது' என்ற இரண்டு சொற்களுக்கும் தடை. புதுமைக்கு அவைதான் எதிரி என்று வாசலிலேயே போர்டு மாட்டியிருந்தார் சர்ஃபராஸ். போன மாதம் வாய் தவறி 'இல்லை' என்ற ஒருவர் இப்போது வீட்டில் இருக்கிறார்.

குடைக் கம்பி, டிபன் கேரியர், தண்ணீர் பம்ப், ஆஸ்பத்திரிக் கட்டில் என்று எதையும் விட்டுவைக்காத கம்பெனி அது. அடுத்த வாரம் பொன்விழா. வரலாற்று அரங்கின் நடுவில் முதல் மிஷினை நிறுத்தியாக வேண்டும்.

"அது எப்பிடிப்பா இருக்கும்?" என்று எலக்ட்ரீஷியன் கோபாலிடம் ரகசியமாகக் கேட்டார் குப்புராஜ்.

"யாருக்குத் தெரியும்? 'ரெண்டு உருளை, ஒரு சக்கரம், அதுலதான் தொழிலை ஆரம்பிச்சேன்'னு எம்.டி.யோட அப்பா, அதான் பெரியவரு, சொல்வாராம். அதுக்கு மேல வாயைத் தொறக்க மாட்டாராம். தகடு உருட்டுனாரு, அவரே டிசைன் பண்ணாருன்றதெல்லாம் எம்.டி. விழா மலருக்கு எழுதிக்கினது."

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வீட்டுக்கு மீஞ்சூர் போன குப்புராஜ், ஸ்டேஷன் வாசலில் அப்படியே நின்றுவிட்டார். முனுசாமியின் கரும்பு ஜூஸ் கடை. ரெண்டு உருளை, ஒரு சக்கரம்! உடனே விலை பேசி, வேனும் பிடித்தார்.

"இது இன்னாத்துக்கு சார்? எங்க நைனா யார்கிட்டயோ பழசா வாங்குன மிசினு. கைப்பிடி வேற வளைஞ்சிகினு கீது" என்றான் முனுசாமி.

"சரித்திரம்னா கொஞ்சம் வளைஞ்சுதான் இருக்கும். நீ வேன்ல ஏத்து."

சக்கரத்தில் கட்டியிருந்த சலங்கையை அவிழ்த்து மேஜை டிராயரில் போட்டார். மிஷினுக்குப் பச்சை பெயின்ட் அடித்தார். சர்ஃபராஸ் அதைப் பார்த்து உருகிப் போனார்.

"குப்புராஜ், சரித்திரத்தோட வாசனையே அடிக்குது!"

அடித்தது இஞ்சி வாசனை.

பக்கத்தில் நின்ற ஹெச்.ஆர். சுமலதா சும்மா இருந்திருக்கலாம். "வெறுமனே நிக்க வெச்சா எப்பிடி சார்? பெரியவர் முன்னாடி இவரே தகடு விட்டு ஓட்டிக் காட்டட்டும்" என்றாள்.

"முடியுமா, குப்புராஜ்?"

"முடியும் சார்." வேறு என்ன சொல்ல?

ஒத்திகையில் தகடு பாதியில் மாட்டிக்கொண்டது. அதை எடுக்க மண்ணெண்ணெய் ஊற்றினார். இடுக்கில் காய்ந்திருந்த பழைய ஜூஸெல்லாம் இளகி வழிந்தது. எறும்பு வரிசை கட்டியது. எறும்புப் பொடி போட்டார், ஈ வந்தது. ஈக்கு ரூம் ஸ்பிரே அடித்தார். சரித்திரம் இப்போது இஞ்சியும் மல்லிகையும் கலந்து மணந்தது.

"மாட்டிக்கினா இன்னாண்ணே பண்ணுவே?" என்றான் கோபால்.

"இந்த வயசுல எவன்டா எனக்கு வேலை குடுப்பான்?" என்றார் குப்புராஜ்.

விழா நாள். "எங்க அத்தா இந்த மிஷின்லதான் தகட்டுத் தொழிலையே புரட்டிப் போட்டாங்க!" என்று மைக்கில் முழங்கினார் சர்ஃபராஸ்.

பெரியவர் ஜலாலுதீன் மேடைக்குப் போகவில்லை. கைத்தடியை ஊன்றி நேராக மிஷினிடம் வந்தார். வளைந்த கைப்பிடியைத் தடவினார். குனிந்து மோந்து பார்த்தார். குப்புராஜ் கையில் இருந்த தகட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். பெரியவரின் கண்கள் கலங்கியதைக் கண்டு கூட்டம் கை தட்டியது.

அந்தச் சத்தத்துக்கு நடுவே குப்புராஜின் தோளை இழுத்து, காதோடு கேட்டார் பெரியவர்:

"நான் கட்டுன சலங்கையை இன்னாடா பண்ணே? அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தானேடா மீஞ்சூர் ஸ்டேஷன்ல இறங்குற ஜனம் எங்கிட்ட ஜூஸ் குடிக்க ஓடி வரும்!"