மென்னீர்ச் செம்மலின் பருப்பு

நாட்டின் நீர்வளத்தைக் காக்க அணை கட்டியவர்கள் உண்டு, ஏரி வெட்டியவர்கள் உண்டு. கண்ணாடித் தொட்டிக்குள் வைத்து அதைக் காத்த பெருமை கோவிந்தராஜன் ஒருவரையே சேரும். மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் மாற்றலாகி வந்தவர். கல்கத்தா கொல்கத்தாவான மறுவருஷம், லேக் கார்டன்ஸ் குவார்ட்டர்ஸின் 'தண்ணீர்த் தரக் கமிட்டி'க்கு அவர்தான் தலைவர்.

குவார்ட்டர்ஸுக்கு வருவது ஆழ்குழாய்த் தண்ணீர். சோப்பு நுரைக்காது, வாளியில் வெள்ளை படியும், தலைமுடி சீப்போடு வந்துவிடும். இவையெல்லாம் குடியிருப்போரின் 'மனப்பிரமை' என்று கமிட்டி கண்டறிந்திருந்தது. ஆனாலும் பெரிய மனது பண்ணி, பொதுக்குழாயில் மாட்ட ஓர் ஆர்.ஓ. இயந்திரம் தருவித்தது. தலைவர் அதைச் 'சோதனை ஓட்டத்துக்காக'த் தம் வீட்டுக்குக் கொண்டுபோனார். துர்கா பூஜை வந்து போயும் அந்த ஓட்டம் முடியவில்லை.

தண்ணீர் ஓடிய இடம் மீன்தொட்டி. அதில் பச்சைப் பசேலென்று செடிகள், நடுவே விரல்நுனி அளவு டெட்ரா மீன்கள். முதலில் தண்ணீரிலிருக்கும் உப்பையெல்லாம் இயந்திரத்தால் எடுத்துவிடுவார். பிறகு, "செடிக்குச் சத்து வேணாமா?" என்று கால்சியத்தையும் மக்னீசியத்தையும் ஹோமியோபதி டாக்டர் மாதிரி துளித்துளியாகத் திரும்பச் சேர்ப்பார். எடுத்ததையே திரும்பப் போடுவதற்குத்தானே நிர்வாகம் என்று பெயர்!

எதிர்வீட்டு வங்காள அண்ணி, ஊருக்கெல்லாம் 'பௌதி', ஒருமுறை வந்து மீன்களைப் பார்த்து, "கடுகு அரைச்சுப் போட்டுக் குழம்பு வச்சா எத்தனை பேருக்கு வரும்?" என்று கேட்டாள். அவளை அவர் மன்னித்துவிட்டார்.

மனைவி கோமதியை மன்னிப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

"என்னங்க, ஆறு விசில் விட்டும் துவரம்பருப்பு கல்லாட்டம் கிடக்கு. அந்தத் தண்ணியில ஒரு குடம் குடுங்க."

"அது மீனோட ஒதுக்கீடு. குறைச்சா டெட்ராவுக்கு டென்ஷன் வரும்."

"எனக்கு வந்தா?"

"கமிட்டிக்கு எழுதிக் குடு."

அந்த ஞாயிற்றுக்கிழமை டைரக்டர் துரைசாமி வருவதாக இருந்தது. தண்ணீர்ப் புகாரை விசாரிப்பதும் சாப்பாடும் கோவிந்தராஜன் வீட்டிலேயே. டைரக்டர் மனம் குளிர்ந்தால் இவருக்குச் சென்னை மாற்றல் நிச்சயம். அம்பத்தூரில் ஆசையாகக் கட்டிய வீடு பூட்டியே கிடந்தது. அதை நினைத்தால் அவருக்கு அழுகையே வரும்.

டைரக்டர் வந்தார். குடியிருப்போர் வாசலில் கூடி நின்றார்கள். சாம்பார் இலைக்கு வந்தது, தண்ணீர் ஒரு பக்கமும் பருப்பு ஒரு பக்கமுமாக.

டைரக்டர் கடக்கென்று கடித்தார். "என்ன கோவிந்தராஜன், கொண்டைக்கடலையா?"

"துவரம்பருப்பு சார். பல்லுக்கு நல்ல பயிற்சி."

"தண்ணி சரியில்லன்னு சொல்றாங்களே?"

"அமிர்தம் சார்! தாதுச்சத்து நிறைஞ்சது. பச்சைக் குழந்தைக்குக்கூடக் குடுக்கலாம். கமிட்டித் தலைவரா நான் உத்தரவாதம்."

வாசலில் முணுமுணுப்பு எழுந்தது. டைரக்டர் கையமர்த்தினார். "நீங்களே சொன்னப்புறம் என்ன? நாளைக்கே உங்க ஆர்டர்ல கையெழுத்துப் போட்டுடறேன்" என்று இலையருகே இருந்த குழாய்த் தண்ணீர்த் தம்ளரை எடுத்து மடமடவென்று குடித்தார்.

கோமதி கொல்லைக் குழாயில் பிடித்த தண்ணீரை வாளியோடு தூக்கிக்கொண்டு வந்தாள். நேராக மீன்தொட்டியிடம் போனாள்.

"தொட்டியில தண்ணி குறைஞ்சிருக்குங்க. அமிர்தம்னு சொல்றீங்களே, மீனுக்கும் கொஞ்சம் ஊத்தறேன்."

கோவிந்தராஜன் எச்சில் கையோடு பாய்ந்து வந்து தொட்டியைக் கட்டிக்கொண்டார்.

"ஐயோ, ஊத்தாதடீ! அது உள்ள போனா ஒண்ணுகூட உயிரோட இருக்காது!"

டைரக்டருக்குப் புரையேறியது. யாரோ தலையில் தட்டினார்கள். இருமல் நின்றதும் அவர் காலித் தம்ளரைப் பார்த்தார், தொட்டிக்குள் சுகமாக நீந்திய மீன்களைப் பார்த்தார், சுவரில் ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தையும் பார்த்தார்.

"கோவிந்தராஜன்" என்றார். "உங்க பருப்பு இனிமே சென்னையிலயும் வேகாது."