ஜெட்டியின் பத்தியம்

இனி என் ஆயுளில் அடுத்தவர் சாப்பாட்டில் கை வைப்பதில்லை என்று சபதம் எடுத்திருக்கிறேன். அடுத்தவர் என்றால், எங்கள் வீட்டு நாய்.

சிரிக்காதீர்கள். நான் எங்கள் தீவின் துறைமுக அலுவலகத்தில் சீனியர் கிளார்க். மரைன் ஹில்லில் குவார்ட்டர்ஸ். மெயின்லேண்டுக்குக் கப்பல் டிக்கெட் கேட்டு வருகிறவர்கள் என்னைக் கும்பிட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள். அப்பேர்ப்பட்டவன் நாயின் கிண்ணத்தில் கை விட்டேன்.

நாயின் பெயர் ஜெட்டி. படகு வந்து நிற்கும் ஜெட்டியில் குட்டியாகக் கிடைத்தவன். என் மனைவி சுகுணா அதையே பெயராக வைத்துவிட்டாள். இங்கே யாரும் சிரிக்க மாட்டார்கள். மதுரையிலிருந்து வந்திருந்த என் தம்பிதான், "ஐயோ, ஜெட்டியக் காணோமே!" என்று சுகுணா வாசலில் நின்று கத்தியதைக் கேட்டு, குனிந்த தலை நிமிராமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

போன மழைக்காலத்தில் ஜெட்டிக்கு அரிப்பு வந்தது. சொறிந்தான், சொறிந்தான், சோபா ஆடும்வரை சொறிந்தான். பாதங்களை நக்கி நக்கிப் புண்ணாக்கினான். வயிற்றில் முடி கொட்டித் திட்டுத் திட்டாகத் தோல் சிவந்தது. நான் வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவினேன். ஜெட்டி அதைச் சோபாவுக்குத் தடவினான். சோபா அதை என் ஆபீஸ் பேண்டுக்குத் தடவியது. அரிப்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

"ஒங்க வைத்தியம் போதும்," என்று சுகுணா அவனைக் கால்நடை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள். நான் பின்னால் போனேன். டாக்டரம்மா தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். உண்ணியும் இல்லை, சொறிப்பூச்சியும் இல்லை.

"கானே மே க்யா தேதே ஹோ?" என்ன சாப்பாடு கொடுக்கிறீர்கள் என்றார்.

"மச்லி சாவல், மேடம்," என்றாள் சுகுணா. இந்தத் தீவில் மீனும் சோறும் தின்னாத நாய் எது?

அந்த மீன்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டரம்மாவுக்குச் சந்தேகம். எட்டு வாரம் பத்தியம் என்றார். மீன் கூடாது, கோழி கூடாது. இதுவரை தின்றே இராத ஒரு கறியும் சோறும் மட்டும். நடுவில் ஒரு துண்டு மீன் உள்ளே போனாலும் மறுபடி முதல் நாளிலிருந்து ஆரம்பம். மருந்து ஷாம்பூ போட்டு, நுரையோடு பத்து நிமிடம் ஊறவைத்துக் குளிப்பாட்ட வேண்டும்.

தின்றே இராத கறி எது? ஆட்டுக்கறி. எங்கள் வீட்டில் தீபாவளிக்கு மட்டும் எடுப்போம். அன்று எலும்பைக்கூட நான் விட்டுவைப்பதில்லை, ஜெட்டி எங்கே தின்றிருப்பான்!

"ஏன் சுகுணா, நாய்க்கு ஆட்டுக்கறி, எனக்கு இன்னிக்கும் சூரை மீனா?"

"ஒங்களுக்கு அரிக்குதா?"

"இல்லையே."

"அப்ப மீனத் தின்னுங்க."

இரண்டு வாரம் பொறுத்தேன். ஜெட்டியின் சிவப்பு குறைந்தது, என் வயிற்றெரிச்சல் கூடியது. மூன்றாவது வாரம் ஒரு மாலை, சுகுணா, பக்கத்துத் தீவில் ரங்கத் என்ற ஊரிலிருக்கும் தங்கை சுதாவோடு போனில் உட்கார்ந்தாள். அந்தப் பேச்சு அவ்வளவு சீக்கிரம் முடியாது. ஜெட்டி என் மீனைப் பார்த்தான். நான் அவன் கறியைப் பார்த்தேன். இரு தரப்புக்கும் சம்மதம். மசாலாவைக் கழுவித்தான் மீனைக் கொடுத்தேன். எனக்கும் மனசாட்சி உண்டு. அவனுடைய கறியில் உப்பும் மிளகும் போட்டுக்கொண்டேன். நாலு நாள் இந்த வியாபாரம் ஜோராக நடந்தது.

ஐந்தாம் நாள் ஆபீஸிலிருந்து வந்தால், ஜெட்டி பாதத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். ரத்தம் கசிந்தது. பக்கத்தில் சுகுணா அழுதுகொண்டிருந்தாள்.

"ரெண்டு வாரமா அவன் பட்ட பாடெல்லாம் வீணாப் போச்சுங்க. எல்லாம் என் தப்புதான். மீன் கழுவுன கையோட கறியத் தொட்டிருப்பேன். ஜெட்டி தேறுற வரைக்கும் நான் மீனையே தொடப் போறதில்ல."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆட்டுக்கறி சுலபமாக இறங்கிய தொண்டையில் உண்மை மட்டும் ஏற மறுத்தது. ஜெட்டி வேறு என்னைப் பார்த்து வாலை ஆட்டினான். அவனுக்கு நான்தானே மீன் கொடுத்த மகராசன்! என் வாழ்க்கையில் அவ்வளவு கேவலமாக நான் உணர்ந்ததில்லை.

"நானும் இனிமே மீனத் தொட மாட்டேன், சுகுணா," என்றேன். வேறென்ன செய்ய?

மறுபடி முதல் நாள். இந்த முறை ஷாம்பூ என் பொறுப்பு. நுரையோடு பத்து நிமிடம் அவனைப் பிடித்துக்கொண்டு நானும் ஊறினேன். வெளியே போய் வந்தால் நாலு பாதத்தையும் துடைத்துவிட்டேன். களிம்பு தடவி, நக்காமல் காவல் இருந்தேன். இரவும் பகலும் பூசணிக்காய்ச் சாம்பார் சாப்பிட்டேன். எட்டு வாரத்தில் ஜெட்டிக்கு முடி முளைத்தது. எனக்குத்தான் இடுப்பு பிடித்துக்கொண்டது.

டாக்டரம்மா அவனைத் தடவிப் பார்த்துப் பூரித்துப்போனார். "முத்துகிருஷ்ணன்ஜி, பஹுத் அச்சா!" என்று என் கையைக் குலுக்கினார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. இனி ஒரே ஒரு சோதனைதான் பாக்கி என்றார். கொஞ்சம் மீன் கொடுத்துப் பார்க்க வேண்டும்; அரிப்பு திரும்பினால் மீன்தான் காரணம் என்பது உறுதி.

"ஜரூரத் நஹி, மேடம்," என்றாள் சுகுணா. தேவையில்லையாம். அந்தச் சோதனையை இவர் மூன்றாவது வாரமே செய்து முடித்துவிட்டார் என்று சுத்தமான ஹிந்தியில் விளக்கம் வேறு. 'இவர்' என்னும்போது அவள் விரல் என்னைச் சுட்டிக் காட்டியது.

வீட்டுக்குத் திரும்ப மேட்டில் ஏறும்போதுதான் கேட்டேன்.

"எப்பத் தெரியும்?"

"அஞ்சாம் நாள் காலையிலயே. ஜெட்டி கிண்ணத்துக்கு அடியில முள்ளு கெடந்துச்சு. ஆட்டுக்கு ஏதுங்க முள்ளு?"

"அப்ப அந்த அழுகை?"

"கேட்டிருந்தா ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வச்சிருப்பீங்க. அழுததால எட்டு வாரம் நாயக் குளிப்பாட்டுனீங்க."

எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, அவள்மேல் இரக்கமாக இருந்தது.

"எல்லாம் சரி சுகுணா. என்னால நீயும் எட்டு வாரம் மீனில்லாம கெடந்தியே, அதான் மனச அறுக்குது."

"நான் எங்கங்க கெடந்தேன்? நீங்க ஆபீஸ் போனதும், தெனம் மத்தியானம் பக்கத்து வீட்டு சொர்ணம்மா அக்காகூட மீன் கொழம்புதான்."