ஒரு பெட்டியையும் தொடமாட்டேன்

டாக்சியிலிருந்து இறங்கிய அம்மாள் பெட்டியை நீட்டினாள். அலோன்சோ நோல்ஸ் வாங்கிக்கொண்டார். வாங்கி, இழுவைக் கைப்பிடியை உள்ளே தள்ளி, அதில் மாட்டியிருந்த சீட்டில் கப்பல் கேபின் எண்ணைப் படித்து, "எட்டாம் தளம், பின்பக்கம்" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான், இன்றைக்குத் தான் போர்ட்டர் இல்லை, பயணி என்பது அவருக்கு நினைவு வந்தது.

முப்பத்து மூன்று வருடம் மயாமித் துறைமுகத்தின் இதே நடைபாதையில் பெட்டி வாங்கிய கை. மூளையைக் கேட்டுக்கொண்டு வேலை செய்யும் வழக்கம் அதற்குக் கிடையாது. ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆன செய்தி மூளைக்கு வந்து சேர்ந்திருந்தது. கைக்கு யாரும் சொல்லவில்லை.

சட்டைமேல் பழிபோடவும் வழியில்லை. போர்ட்டர்களுக்கு ஆரஞ்சு நிறச் சட்டை, முதுகில் எண். அலோன்சோ போட்டிருந்த சட்டையிலோ உடம்பு முழுக்கக் கிளிகள். தலையில் ஓலைத் தொப்பி வேறு. இந்த வேஷத்தில் நிற்பவரிடமும் ஒருத்தி பெட்டியை நீட்டுகிறாள் என்றால் கோளாறு துணியில் இல்லை, ஆளில்தான் இருக்கிறது. கால்களை அகட்டி, ஒரு உள்ளங்கையை லேசாக முன்னால் நீட்டி நிற்கிறவரை ஊர் வேறு என்னவென்று நினைக்கும்?

அம்மாள் டிப்ஸ் கொடுத்தாள். அலோன்சோ வேண்டாமென்று தலையாட்டினார். போதவில்லை என்கிறார் போலிருக்கிறது என்று அவள் இன்னொரு நோட்டைச் சேர்த்து நீட்டினாள். இன்னொரு முறை தலையாட்டினால் பாவம், பர்ஸையே கவிழ்த்துவிடுவாள் என்று பயந்து, வாங்கிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

பத்து நிமிடத்துக்கு முன்னால்தான் அவர் மனைவி வெர்னிஸ் இதே இடத்தில் நின்று அவருக்குக் கடைசி எச்சரிக்கை கொடுத்துவிட்டு உள்ளே போயிருந்தாள்.

"நம்ம ரெண்டு பெட்டியையும் டெக்ஸ்டர்கிட்ட குடுத்துட்டு உடனே வா. குடுக்கணும், அவ்வளவுதான். வாங்கக் கூடாது. புரியுதா?"

"நான் என்ன சின்னப் பிள்ளையா வெர்னி?"

"சின்னப் பிள்ளையா இருந்தா கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருப்பேன். இந்தா பாரு அலோன்சோ, நான் கட்டிக்கிட்டது மனுஷனையா, தள்ளுவண்டியையான்னு இந்த ஏழு நாள்ல தெரிஞ்சுடணும். ஒரு பெட்டியை நீ தொட்டேன்னு தெரிஞ்சுது, நான் எங்கக்கா வீட்டுக்குப் போயிடுவேன்."

அது வெறும் மிரட்டல் இல்லை. ஒருமுறை, மருமகள் முறையாகும் குழந்தையின் ஞானஸ்நானத்துக்குப் போன இடத்தில், தேவாலய வாசலில் வெளியூர் விருந்தாளிகளின் பெட்டிகளை இறக்கிவைக்கப் போன அலோன்சோ பூஜை முடிந்த பிறகுதான் திரும்பி வந்தார். வெர்னிஸ் பத்தொன்பது நாள் அக்கா வீட்டில் இருந்தாள். அந்தப் பத்தொன்பது நாளும் அவர் டப்பா மீனையும் பிஸ்கட்டையும் தின்று, யாருமில்லாத வீட்டில் தனக்குத் தானே பேசிக்கொண்டிருந்தார். இன்னொரு முறை அதைத் தாங்க அவரால் ஆகாது.

நாற்பதாவது திருமண நாளன்றைக்கும் அவர் இந்த நடைபாதையில்தான் நின்றார். அதற்கு ஈடாகத்தான் இந்தக் கப்பல் பயணம். முந்தின நாள் சத்தியமே செய்து கொடுத்திருந்தார்: ஒரு பெட்டியையும் தொடமாட்டேன்.

வெர்னிஸும் சும்மா இருந்தவள் இல்லை. கடற்கரை ஹோட்டல் ஒன்றில் முப்பது வருடம் அறைகளைச் சுத்தம் செய்தவள். ஓய்வு பெற்ற அன்றே ஏப்ரனைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு நிமிர்ந்த தலையோடு வீட்டுக்கு வந்தாள். அந்த வைராக்கியத்தில் கால்வாசிகூடத் தனக்கில்லையே என்று அலோன்சோ வெட்கப்படாத நாளில்லை.

சரி, ஒரு பெட்டிதானே. அவரிடம் தொழில் பழகிய போர்ட்டர் டெக்ஸ்டர், அவருடைய இரண்டு பெட்டிகளையும் வாங்கி உள்ளே அனுப்பிவிட்டு, பெட்டிகளை அடுக்கக் காலிக் கூண்டுவண்டி கொண்டுவரப் போயிருந்தான். அந்த அம்மாளின் பெட்டியை, அங்கே நின்ற பாதி நிரம்பிய கூண்டில் வைத்துவிட்டு ஓடிவிடலாம் என்று திரும்பினார். திரும்பினால் எதிரே மஞ்சள் பனியன் போட்ட இருபது பேர் நின்றார்கள். எல்லார் நெஞ்சிலும் குடும்பப் பெயர் அச்சடித்திருந்தது. சொந்தபந்தமெல்லாம் சேர்ந்து கிளம்பியிருக்கிற கூட்டம்.

"அண்ணே, மொத்தம் முப்பத்தொண்ணு. எண்ணிக்குங்க" என்றார் தலைவர் மாதிரி இருந்தவர்.

நான் போர்ட்டர் இல்லை என்று சொல்லத்தான் அலோன்சோ வாயைத் திறந்தார். வெளியே வந்த வார்த்தைகள் வேறு.

"சீட்டெல்லாம் ஒழுங்கா மாட்டியிருக்கா?"

மாட்டியிருக்கவில்லை. பாதிச் சீட்டுகள் காற்றில் ஆடின. அவர் ஒவ்வொன்றையும் மடித்துச் செருகினார். பெட்டியை வைக்கலாமென்று கூண்டைப் பார்த்தால் அடுத்த அதிர்ச்சி. துணிப்பைகள் அடியிலே, கனத்த பெட்டிகள் மேலே. இந்த டெக்ஸ்டர் பயலுக்கு நான் சொல்லிக் கொடுத்த லட்சணமா இது என்று அவருக்கு வயிறு எரிந்தது. எல்லாவற்றையும் இறக்கி, கனத்ததை அடியில் போட்டு, துணிப்பைகளை இடுக்குகளில் சொருகி, மறுபடி அடுக்கினார். ஒரு கையால் ஆகிற காரியமில்லை. தோளில் தொங்கிய சின்னக் கறுப்புப் பையைக் கழற்றி, கூண்டின் மூலையில் ஒரு நிமிஷத்துக்கு வைத்தார்.

ஃபோர்க்லிஃப்ட் வந்து கூண்டைத் தூக்கிக்கொண்டு போனது. ஒரு பெட்டிகூட அசையவில்லை. அலோன்சோ இடுப்பில் கைவைத்து அந்த அழகைப் பார்த்து நின்றார். கூண்டு கதவுக்குள் மறைந்த பிறகு, டிக்கெட்டை எடுக்கத் தோளைத் தடவினார்.

தோளில் கிளிகள் மட்டும் இருந்தன.

கறுப்புப் பையில் பாஸ்போர்ட், கப்பல் டிக்கெட், ரத்த அழுத்த மாத்திரை, செல்போன், எல்லாம் இருந்தன. பாஸ்போர்ட்டைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டு விழிக்கிறவர்கள் கப்பல் ஏறும் நாளில் தவறாமல் நாலு பேராவது வருவார்கள். போர்ட்டர்கள் அவர்களுக்கு வைத்த பெயர் தபால்காரர். தன்னைத் தானே தபாலில் போட்டவர் என்று அர்த்தம். அந்தப் பெயரை வைத்தது வேறு யாருமில்லை, அலோன்சோதான். தபால்காரர் ஒருவர் அகப்பட்டால் அவர் கைதட்டி வரவேற்பார்.

பெட்டிக் கூடத்தின் வாசலுக்கு ஓடினார். புதிதாக வந்த காவலாளி பாஸ் கேட்டான். அலோன்சோ தன் முப்பத்து மூன்று வருட சேவையைப் பற்றி எடுத்துச் சொன்னார். அவன் மரியாதையாகக் கேட்டுவிட்டு மறுபடியும் பாஸ் கேட்டான்.

அந்த நேரத்தில் மேற்பார்வையாளர் ஓடெஸா வெளியே வந்தாள். அலோன்சோவோடு ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவள்.

"அலோன்சோ? வேலைக்குத் திரும்பிட்டியா? நல்ல நேரத்துல வந்தேப்பா. இன்னைக்கு நாலு பேர் வரலை."

அவர் குரலைத் தாழ்த்தி நடந்ததைச் சொன்னார். ஓடெஸா சிரிக்கவில்லை. தோள்கள் மட்டும் குலுங்கின.

"பயணியை உள்ளே விட எனக்கு அதிகாரமில்லை. ஆனா ஆபீஸ்காரங்க உன் பேரை இன்னும் பட்டியல்ல இருந்து எடுக்கலை. போர்ட்டர்னா விடலாம்."

ஆரஞ்சு உடுப்பு ஒன்றை நீட்டினாள். அலோன்சோ அதைக் கிளிகளின் மேல் மாட்டிக்கொண்டார். மாட்டியதும் உடம்புக்கு ஒரு சுகம் வந்தது. அந்தச் சுகத்துக்காக அவர் தன்னையே திட்டிக்கொண்டார்.

ஓடெஸாவின் வாக்கி டாக்கி அவரை முந்திக்கொண்டு உள்ளே போயிருந்தது. கூடத்துக்குள் காலை வைத்ததும் பழைய கூட்டாளிகள் வரிசையாக நின்று கைதட்டினார்கள். "தபால்காரர் வந்துட்டாரு" என்று டெக்ஸ்டர் மற்றவர்களுக்கு முறைப்படி அறிவித்தான்.

எக்ஸ்ரே எந்திரத்தின் பெல்ட்டில் பெட்டிகள் நெருக்கியடித்துச் சிக்கிக் கிடந்தன. அதற்குப் பின்னால் கூண்டுகளைக் கவிழ்த்த இடத்தில் இருநூறு பெட்டி ஒரு குன்றாகக் குவிந்திருந்தது. அதில் கறுப்பு நிறப் பையைத் தேட வேண்டும். மயாமியில் கப்பல் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் கறுப்புப் பைதான் வாங்குகிறார்கள் என்பது அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது.

"அலோன்சோ, போனை எடு."

வெர்னிஸின் குரல். அலோன்சோ பதறி வாசலைப் பார்த்தார்.

"அலோன்சோ, போனை எடு. அலோன்சோ, போனை எடு."

போன் மணி அவர் காதில் விழுவதில்லை என்று, தன் குரலையே பதிவு செய்து அதில் வைத்துக் கொடுத்தவள் அவள். குரல் குன்றின் அடிவாரத்திலிருந்து வந்தது. அலோன்சோ பாய்ந்தார். ஒரு பெட்டியைத் தூக்கி எறிந்தார், அடுத்ததைத் தூக்கினார், அதற்கடுத்ததை உருட்டினார். எந்தக் குரல் பெட்டியைத் தொடாதே என்றதோ அதே குரலைப் பிடித்துக்கொண்டு நாற்பது பெட்டிகளைத் தூக்கிய பிறகு, பை கிடைத்தது.

"எங்கே இருக்கே?" என்றாள் வெர்னிஸ்.

"வரிசையில."

"அது என்ன சத்தம்?"

"ஜனங்க."

அந்தப் பக்கம் அவளுக்கு மூச்சு வாங்கியது மட்டும் கேட்டது. கோபம் தலைக்கேறினால் அவளுக்கு அப்படித்தான் மூச்சு வாங்கும்.

"மெதுவா வா. ஒண்ணும் அவசரமில்லை" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

நாற்பது வருடத்தில் அவள் ஒருநாளும் அவசரமில்லை என்று சொன்னதில்லை. இது முடிவு செய்துவிட்ட பெண்ணின் குரல் என்று அவருக்குப் பட்டது.

உடனே ஓடியிருக்க வேண்டும். யாரும் அவரைக் கட்டிப்போடவில்லை. ஆனால் பெல்ட் அடைத்துக் கிடந்தது, ஆள் பற்றாக்குறை, இந்தப் பெட்டிகள் ஏறாமல் கப்பல் எப்படிப் புறப்படும், புறப்படாத கப்பலில் சீக்கிரம் ஏறி என்ன செய்வது என்று அவருடைய மூளை ஒரு நியாயத்தைத் தயார் செய்து கொடுத்தது. மூளை கைக்கு வேலை செய்கிற ஆளுக்கு இப்படித்தான் நடக்கும். முக்கால் மணி நேரம் அவர் பெட்டி தள்ளினார்.

நடுவில் அவருடைய சொந்தப் பெட்டிகளே பெல்ட்டில் வந்தன. "ஏழாம் தளம், முன்பக்கம்" என்று சொல்லி ஜாக்கிரதையாகத் தூக்கி வைத்தார். டிப்ஸ் கொடுக்காத பயணி போலிருக்கிறது என்று டெக்ஸ்டர் முணுமுணுத்தான்.

டிக்கெட் சோதிக்கும் இடத்துக்கு அவர் ஓடி வந்தபோது, பணியாளர்கள் அந்தப் பக்கம் என்று அங்கிருந்த பெண் கையைக் காட்டினாள். குனிந்து பார்த்தார். ஆரஞ்சு உடுப்பைக் கழற்றவே இல்லை. கழற்றிச் சுருட்டி அவளிடமே கொடுத்துவிட்டு, அசடு வழியப் பாஸ்போர்ட்டை நீட்டினார். அவருக்குப் பின்னால் வரிசையில் ஒருவருமில்லை.

கப்பலின் லிஃப்டில் பெரிய கண்ணாடி இருந்தது. கிளிகளின் மேல் கிரீஸ். தொப்பியைக் காணோம். இந்தக் கோலத்தில் எந்தப் பொய்யைச் சொன்னாலும் எடுபடாது. பெட்டி தூக்கியதைக் காட்டிலும், வரிசையில நிக்கிறேன் என்று அவளிடம் சொன்ன பொய்தான் அவரை அறுத்தது. அவள் ஆசைப்பட்டுக் கேட்டது ஏழே ஏழு நாள். அதைக்கூடக் கொடுக்க முடியாத ஆள் நான் என்று நினைத்தபோது அவருக்கு அழுகை முட்டியது. எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, திட்டினால் வாங்கிக்கொள்வது, காலில் விழவேண்டியிருந்தால் விழுவது என்று முடிவு செய்துகொண்டு ஏழாம் தளத்தில் இறங்கினார்.

கேபின் கதவு திறந்திருந்தது. உள்ளே வெர்னிஸ் இல்லை. குளியலறையில் பார்த்தார், இல்லை. பால்கனியில் இல்லை. அவள் கைப்பையும் இல்லை.

அக்கா வீடுதான் என்று அலோன்சோ முடிவு கட்டினார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மெதுவா வா என்றாளே, அவள் இறங்கிப் போக நேரம் வேண்டித்தான் சொல்லியிருக்கிறாள்.

நடைவழியின் திருப்பத்திலிருந்து கேபின் பணியாளர் ஒருவர் வேகமாக வந்தார். சட்டையில் கெத்துட் என்று பெயர் குத்தியிருந்தது. வெறுங்கையோடு இருந்தார். அவர் முகமும் அழுகிற மாதிரிதான் இருந்தது.

"என் மனைவி எங்கேன்னு பார்த்தீங்களா தம்பி?" என்றார் அலோன்சோ.

"அவங்க உங்க வீட்டம்மாவா சார்? நீங்களாவது கொஞ்சம் சொல்லுங்க சார், இந்த வரிசையில பதினோரு ரூமுக்குப் படுக்கை விரிச்சு முடிச்சுட்டாங்க, பன்னிரண்டாவதுல இருக்காங்க, என் தள்ளுவண்டியைக் கேட்டா தரவே மாட்டேங்கிறாங்க."