அக்காவின் கவுனும் என் வயிறும்

புதுத் துணி போட்டுப் பார்க்கும்போது யாரும் தங்கள் நிஜ உடம்போடு கண்ணாடி முன்னால் நிற்பதில்லை. நான் கவனித்துப் பார்த்திருக்கிறேன். பெங்களூர் கமர்ஷியல் தெருக் கடைகளில் திரைக்குப் பின்னாலிருந்து வெளியே வருகிற ஒவ்வொருவரும் தோளை நிமிர்த்தி, முகவாயைத் தூக்கி, வீட்டில் ஒருநாளும் நிற்காத மாதிரி நிற்பார்கள். அந்த ஆளுக்குச் சட்டை கச்சிதமாக இருக்கும். பணம் கட்டி வீட்டுக்கு எடுத்து வந்த பிறகு அதைப் போடப்போவது வேறு ஆள். (அப்புறம் கடைக்காரனைத் திட்டி என்ன பிரயோஜனம்?) இந்த விஷயத்தில் எனக்கிருக்கும் ஞானம் முழுவதும், ஒரு வெள்ளைக் கல்யாண கவுனுக்குள் நின்று சம்பாதித்தது.

கவுன் என்னுடையது அல்ல, என் அக்கா ரெஜினாவுடையது. அக்கா மஸ்கட்டில் நர்ஸ். அவளுக்குக் கிடைத்த லீவு எப்படிப்பட்டது என்றால், வியாழக்கிழமை பெங்களூரில் இறங்கி சனிக்கிழமை காலை கோயிலில் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும். மண்டபம், பிரியாணி, பேண்டு வாத்தியம் எல்லாவற்றையும் எங்கள் பொறுப்பில் விட்டுவிட்டாள். போனில் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள். "கவுன் மட்டும் எனக்குச் சரியா இருக்கணும்மா. வேற எதுவும் எனக்கு வேணாம்."

அதற்குக் காரணம் உண்டு. சின்ன வயதில் கோயிலில் முதன்முதலாக அப்பம் வாங்குகிற சடங்கில், அதாவது புது நன்மை வாங்கிய அன்று, பெரியம்மா மகளின் பழைய கவுனைத்தான் அக்காவுக்குப் போட்டுவிட்டார்கள். தொளதொளவென்று இருந்ததால் சுற்றிலும் ஊக்கு குத்தி வைத்தார்கள். பீடத்துக்கு முன்னால் முட்டி போட்டபோது ஒரு ஊக்கு திறந்துகொண்டு இடுப்பில் குத்த, அவள் அழுதுகொண்டே நன்மை வாங்கினாள். பார்த்தவர்கள் எல்லாம் பக்தி என்று நினைத்தார்கள்.

எனவே கவுன் தைக்கும் பொறுப்பை அம்மா கிளாரா ஆன்ட்டியிடம் கொடுத்தாள். விவேக் நகரில், கோயிலுக்குப் போகிற வழியில், ஒரு பேக்கரிக்கு மேலே மாடியில் அவருடைய தையல் கடை. எங்கள் பக்கத்து மணப்பெண்களில் பாதிப்பேர் அவர் தைத்ததைப் போட்டுத்தான் கோயில் வாசற்படி ஏறியிருக்கிறார்கள். இந்தப் பெருமை அவருக்கு நன்றாகவே தெரியும். யாரையும் அதட்டித்தான் பேசுவார்.

"போன்ல சொல்ற அளவுக்கெல்லாம் நான் கத்திரி வைக்க மாட்டேன் மேரி. துணிய மாட்டிப் பாக்க ஆளு வேணும்" என்றார் அம்மாவிடம்.

"ஆளு மஸ்கட்ல இருக்காளே கிளாரா."

கிளாரா ஆன்ட்டி கடையைச் சுற்றிக் கண்ணை ஓட்டினார். அம்மாவை ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, கீழே பேக்கரியில் வாங்கிய தேங்காய் பன்னைத் தின்றபடி வாசலில் நின்றுகொண்டிருந்தேன் நான். அவர் பார்வை மெதுவாக என்மேல் வந்து நின்றது.

"ஏன், இவன் இருக்கானே."

சொன்னதில் நியாயம் இருந்தது. அக்காவும் நானும் ஒரே உயரம், ஒரே தோள். என் சட்டைகளில் பாதி மஸ்கட்டில்தான் இருக்கின்றன. அம்மாவின் சமையல்கூட எங்கள் இருவருக்கும் ஒரே இடத்தில் போய்ச் சேர்ந்திருந்தது. அவளுக்கு இருந்த அதே சின்னத் தொப்பை எனக்கும் இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் அந்த நிமிடமே மாடிப்படி இறங்கி ஓடியிருப்பார்கள். எனக்கு ஒரு வியாதி உண்டு. எதற்கு உள்ளேயும் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் இருக்க முடியாது. எட்டாவது படிக்கும்போது மிக்ஸியைக் கழற்றினேன். (அதற்குப் பிறகு அம்மா சட்னியை அம்மியில்தான் அரைத்தாள்.) கடைகளில் கவுன்கள் உள்ளே ஆளே இல்லாமல் குடை விரித்த மாதிரி நிற்பதைப் பார்த்து, அது எப்படி என்று நெடுநாளாக எனக்குள் ஒரு கேள்வி இருந்தது. இப்போது உள்ளேயே போய்ப் பார்க்கக் கூப்பிடுகிறார்கள்.

"யாரும் வர மாட்டாங்கல்ல ஆன்ட்டி?" என்று மட்டும் கேட்டேன்.

"இந்த வெயில்ல யாருப்பா வரப்போறா? சொல்ப நேரம்தான்."

உள்ளே போனால் அது தனி உலகம். வெளியே மேகம் மாதிரி இருக்கிற துணிக்கு அடியில் விறைப்பான வலை, அடுக்கு அடுக்காக. கவுனை நிற்க வைப்பது அதுதான். அது தொடையில் உராய்கிறபோது சாக்குப்பையைக் கட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது. விலாவை ஒட்டி மெல்லிய பிளாஸ்டிக் பட்டிகள். குனிந்தால் அவை 'ஏன் குனிகிறாய்' என்று கேட்கின்றன. இயற்கை எனக்குக் கொடுக்காத இடங்களில் கிளாரா ஆன்ட்டி துணியைச் சுருட்டி வைத்து நிரப்பினார். அந்த நேரத்தில் அம்மா மாதாவின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

என்னை ஒரு முக்காலியின் மேல் ஏற்றி நிறுத்தினார்கள். நான் கேள்வி கேட்க ஆரம்பித்தேன்.

"பாக்கெட்டே இல்லையா ஆன்ட்டி?"

"கல்யாணப் பொண்ணுக்கு எதுக்கு பாக்கெட்டு?"

"அப்ப போன எங்க வெக்கிறது?"

"மாப்பிள்ளைகிட்ட."

"அவசரத்துக்கு பாத்ரூம் போகணும்னா?"

"ஜெரி, வாய மூடிட்டு நில்லு" என்றாள் அம்மா.

பிறகு முட்டி போடச் சொன்னார் ஆன்ட்டி. கோயில் கவுனுக்கு அதுதான் முக்கியமான சோதனையாம். நின்றால் எல்லாக் கவுனும் அழகுதான், பூசையில் முட்டி போட்டு எழும்போதுதான் எது கிழியும் என்று தெரியும் என்றார். முட்டி போட்டேன், எழுந்தேன். முன்பக்கத்தை மிதித்துக்கொண்டு ஒருமுறை தையல் மெஷின்மேல் சாய்ந்ததைத் தவிர எல்லாம் நன்றாகவே நடந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடிக்கக்கூட ஆரம்பித்துவிட்டது. திரும்பினால் துணி ஒரு கணம் தாமதித்துக் கூடவே திரும்புகிறது. இரண்டு மூன்று தடவை திரும்பிப் பார்த்தேன்.

மறுபடி முக்காலியில் ஏறினேன். ஆன்ட்டி வாயில் குண்டூசிகளை வைத்துக்கொண்டு இடுப்புப் பக்கம் அளவு பிடிக்கக் குனிந்தார். அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு பெனிட்டா உள்ளே வந்தாள்.

பெனிட்டா எங்கள் கோயில் பாடற்குழுவில் பாடுகிறவள். நானும் அந்தக் குழுவில்தான் இருந்தேன். எனக்குப் பாட வராது. (குழுவில் ஏன் சேர்ந்தேன் என்று இப்போது புரிந்திருக்கும்.) அவளிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று பல மாதங்களாக மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த ஒத்திகையிலும் நான் கவுன் போட்டுக்கொண்டு நின்றதில்லை.

"பிளவுஸ் ரெடியா ஆன்ட்டி..." என்று ஆரம்பித்தவள் என்னை அண்ணாந்து பார்த்தாள். "ஜெரி?"

ஒரு மனிதன் அந்த நிலைமையில் செய்யக்கூடியவை பல. கீழே குதிக்கலாம். திரையை இழுத்துப் போர்த்திக்கொள்ளலாம். என் உடம்பு என்ன செய்தது தெரியுமா? வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தியது. சத்தியமாக நான் அதற்கு உத்தரவு கொடுக்கவில்லை. எனக்கே தெரியாமல் நடந்தது. வெள்ளைக் கவுனும் லேஸ் கையுமாக நிற்கும்போதும், பார்க்க ஆம்பளையாக இருக்க வேண்டும் என்று அதற்கு ஆசை.

பெனிட்டா சிரிக்கவில்லை. அதுதான் பிரச்சினை. சிரித்துவிட்டுப் போயிருந்தால் மூச்சு விட்டிருப்பேன். அவளுக்கும் என் வியாதி உண்டு போலிருக்கிறது. சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

"இதுல உக்கார முடியுதா?"

"ம்."

"வெயிட்டா இருக்கா?"

"இல்ல."

"கைய மேல தூக்க வருதா?"

தூக்கிக் காட்டினேன். கண்ணில் பூச்சி பறந்தது. கீழே கிளாரா ஆன்ட்டி இடுப்பின் இரண்டு பக்கமும் துணியை இறுக்கிப் பிடித்து வரிசையாக ஊசி குத்திக்கொண்டே போனார். முதுகில் ஜிப்பை இழுத்தார். ஒரே இழுப்பில் ஏறியது.

"பாத்தியா மேரி, உம் பொண்ணு போன்ல இடுப்பளவ எவ்ளோ கூட்டிச் சொல்லியிருக்கா. இவனப் பாரு, கொடி மாதிரி இருக்கான்" என்றார். அன்றைக்கே மிச்சத் துணியை வெட்டியும் விட்டார். லேஸ் துணியை உள்ளே மடித்து வைத்தால் வெளியே தடிப்பாகத் தெரியுமாம்.

வியாழக்கிழமை அக்கா வந்தாள். பெட்டியைக்கூடத் திறக்காமல் நேராகக் கிளாரா ஆன்ட்டி கடைக்குப் போனோம். திரைக்குப் பின்னால் அம்மாவும் ஆன்ட்டியும் அவளுக்குக் கவுனை மாட்டினார்கள். பிறகு ஆன்ட்டி குரல் கேட்டது. "மூச்ச இழும்மா. இன்னும். இன்னும் கொஞ்சம்."

ஜிப் இடுப்பில் நின்றுவிட்டது. நான்கு விரல் இடைவெளி. அதற்கு மேல் அசையவில்லை.

திரையை விலக்கிக்கொண்டு அக்கா வெளியே வந்தாள். கத்தவில்லை. முக்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். "ஒண்ணே ஒண்ணுதானேம்மா கேட்டேன்" என்றாள். ஊக்கு குத்தி அழுத அந்தச் சின்னப் பெண் முகத்தை நான் பார்த்திருக்கிறேன், அப்போதும் பக்கத்தில்தான் நின்றேன். ஏன் இப்படி ஆயிற்று என்று மட்டும் எனக்கு விளங்கவே இல்லை.

கிளாரா ஆன்ட்டிக்கு ரோஷம் வந்துவிட்டது. "என் கை தப்பாது. இவ மஸ்கட்ல தின்னு ஊதியிருக்கா. சந்தேகம்னா அவனையே போடச் சொல்லு, பாக்கலாம்."

மறுபடி கவுனுக்குள் போனேன். ஆன்ட்டி ஜிப்பை இழுத்தார். அக்காவுக்கு நின்ற அதே இடத்தில் எனக்கும் நின்றது.

நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அன்றைக்கு ஒரே இழுப்பில் ஏறிய ஜிப். அதே கவுன், அதே ஆள். எனக்கு அழுகையை மீறிக்கொண்டு ஆர்வம் வந்தது. துணி சுருங்கியிருக்குமோ, ஈரக்காற்றில் லேஸ் இறுகுமோ என்றெல்லாம் கேட்டேன். ஆன்ட்டி முறைத்தார்.

அக்கா மெதுவாகக் கண்ணைத் துடைத்தாள். "ஆன்ட்டி, அன்னிக்கு இவன் போட்டுப் பாக்கறப்ப யாரு யாரு இருந்தீங்க?"

"நானு, உங்கம்மா. நடுவுல கோயர் பொண்ணு ஒண்ணு பிளவுஸ் வாங்க வந்துச்சு. பெனிட்டா."

பெனிட்டா விஷயம் இந்த உலகத்தில் என்னைத் தவிர ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். மஸ்கட்டுக்குப் போன் போட்டு மணிக்கணக்கில் புலம்பியிருக்கிறேன். அக்கா என்னைப் பார்த்தாள். என் வயிற்றைப் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் போய்க் கீழே எட்டிப் பார்த்து, சாதாரணமாகச் சொன்னாள்.

"டேய், பெனிட்டா மாடியேறி வரா."

ஆன்ட்டி இன்னும் பிடித்திருந்த ஜிப் சர்ரென்று கழுத்துவரை ஏறியது.

மாடிப்படியில் யாருமே இல்லை. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கிளாரா ஆன்ட்டி கழுத்திலிருந்த இஞ்ச் டேப்பை எடுத்து என் முதுகில் ஒன்று போட்டார். "உன் சகவாசமே நக்கோப்பா, வேணவே வேணாம்" என்றார். அம்மாவுக்கு மட்டும் எதுவும் புரியவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எங்க, அந்தப் பொண்ணக் காணோமே" என்றாள்.

வெட்டின துணியை ஒட்டவைக்க முடியாது. ஆன்ட்டி முதுகில் இருந்த ஜிப்பை முழுவதும் பிரித்தெடுத்தார். கவுனின் பின்னால் தரையில் புரளும் வால் பகுதியைக் கொஞ்சம் குறைத்து, அதிலிருந்து இரண்டு பக்கமும் சின்னச் சின்ன வளையங்கள் தைத்து, நடுவில் சாட்டின் நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்துக் கட்டினார். நாடாவை வேண்டிய அளவுக்குத் தளர்த்திக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை முழுக்க நான் அவருக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தேன். அதுதான் எனக்குத் தண்டனை.

சனிக்கிழமை அக்கா பீடத்துக்கு முன்னால் முட்டி போட்டாள். நான் பாடற்குழுவில் நின்று, பாடுகிற மாதிரி வாயை அசைத்துக்கொண்டே அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்தாள். எதுவும் குத்தவில்லை. திரும்பி என்னைத் தேடிப் பிடித்து, நன்றாக ஒரு பெரிய மூச்சு விட்டுக் காட்டினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பூசை முடிந்து வெளியே வந்தால் எல்லோரும் அந்த நாடா வைத்த முதுகைத்தான் புகழ்ந்தார்கள். பெனிட்டாவும் வந்தாள். அதுவரை என்னை வெறும் ஜெரி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் அன்று அன்போடு சொன்னாள். "கவுன் சூப்பரா இருக்கு. ஆனா உங்களுக்குத்தான் இன்னும் ஃபிட்டா இருந்துச்சு, ஜெரி அண்ணா."

அண்ணா. அந்த வாரமே பாடற்குழுவிலிருந்து விலகிவிட்டேன். குழு முன்னைவிட நன்றாகப் பாடுகிறது என்று கேள்வி.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் எது மூடாவிட்டாலும் அதே மந்திரம்தான். ஒவ்வொரு லீவு முடிவிலும் அக்கா ஊறுகாயும் முறுக்குமாக அடைத்த பெட்டி மூடாமல் அடம்பிடிக்கும்போது, யாராவது ஒருவர் "பெனிட்டா வரா" என்பார்கள். அம்மாகூடச் சொல்கிறாள், இன்னும் புரியாமலே.

கிளாரா ஆன்ட்டி அதோடு விடவில்லை. இப்போது அவர் கடைக்கு யார் போனாலும், இஞ்ச் டேப் இடுப்புக்கு வரும்போது பூசையில் சொல்கிற நீளமான செபமான விசுவாசப் பிரமாணத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். வாய்விட்டு நீளமாகச் சொல்லும்போது யாராலும் வயிற்றை இழுத்துப் பிடிக்க முடியாதாம். கிறிஸ்தவர் இல்லாதவர்கள் பாட்டுப் பாடலாம். ஒரு கன்னடக்காரம்மா பள்ளிக்கூட வாய்ப்பாடு சொன்னார். எதற்கு இதெல்லாம் என்று யாராவது கேட்டால், ஆன்ட்டி என் கதையைச் சொல்கிறார்.

போன மாதம் என் கல்யாணக் கோட்டின் இடுப்பைச் சரிபார்க்க அதே கடைக்குப் போனேன். அதே முக்காலி. எனக்கு நிச்சயமான பெண் ஜெனிஃபர் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சத்தமாகப் பிரமாணத்தை ஆரம்பித்தேன். நல்ல பிள்ளையாகப் பாதிவரை வந்துவிட்டேன். அப்போது ஜெனிஃபர் போனிலிருந்து தலையைத் தூக்கி, என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

என் இடுப்பில் சுற்றியிருந்த டேப் நழுவி முக்காலியில் விழுந்தது. கிளாரா ஆன்ட்டி குனிந்து அதை எடுத்தார்.

"மொதல்லேருந்து சொல்லுப்பா" என்றார்.